கொழும்பு வெயிலுக்குப் போட்ட நாட்காட்டி

நேராவே சொல்லிடுறன். திருகோணமலைப் பாடசாலைகளின் விளையாட்டை மழை கெடுக்கவில்லை. மழை தன்ர நேரத்துக்கு வருது, தன்ர நேரத்துக்குப் போகுது. எங்கட பூட்டன் காலத்திலயும் அது ஐப்பசியில வந்து தையில போனதுதான். கெடுக்கிறது நாட்காட்டி. யாரோ எங்கயோ இருந்து, தங்கட யன்னலுக்கு வெளியில தெரிஞ்ச வெயிலைப் பாத்துப் போட்ட நாட்காட்டி. அந்த யன்னல் சீனன்குடாவில இல்லை.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒழுங்கை முதல்ல எழுதிடுவம். இலங்கையில 19 வயதுக்குட்பட்டோருக்கான பாடசாலைக் கிரிக்கெட் சீசன் செப்டெம்பரில தொடங்கும். மார்ச்சில பெரிய மட்சுகளோட உச்சத்துக்கு வரும். கொழும்பில றோயல்–தோமியனும் யாழ்ப்பாணத்தில வடக்கின் பெரும் போரும் மார்ச்சிலதான். முதலாம் தவணை தொடங்கின கையோட, ஜனவரி பெப்ரவரியில, இல்ல விளையாட்டுப் போட்டிகள். இரண்டாம் தவணை வந்தால் பாடசாலை விளையாட்டுப் பக்கம் முழுக்க ரக்பி. இந்த ஒழுங்கு எங்கட தலையில எவ்வளவு ஆழமா ஏறியிருக்கு எண்டால், இது இயற்கை போட்ட ஒழுங்கு எண்டே நம்பிட்டம்.

இப்ப வானத்தைப் பாப்பம். இலங்கைக்கு ரெண்டு பருவக்காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது மேற்குக் கரையையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைச்சு, மலையைத் தாண்டேக்க ஈரத்தை இழந்து, எங்களிட்ட வந்து சேரேக்க காய்ஞ்ச கச்சான் காத்தா மாறியிருக்கும். ஒக்டோபர் நவம்பரில வங்காள விரிகுடாவில தாழமுக்கங்கள் உருவாகும். அதுக்குப் பின்னால வடகீழ்ப் பருவக்காற்று ஜனவரி வரைக்கும் கிழக்கை நனைக்கும். திருகோணமலையில நவம்பர், டிசெம்பர் ரெண்டு மாதமும் தனித்தனியா சராசரி 300 மில்லிமீற்றருக்கு மேல மழை. ஜூனில விழுறது அதில கிட்டத்தட்டப் பத்தில ஒண்டு. அதாவது, நாடு "சீசன் தொடங்கிட்டுது" எண்டு சொல்லுற நேரத்தில எங்கட மைதானம் குளமாகத் தொடங்குது. மைதானம் பாறை மாதிரிக் காய்ஞ்சு, தவளை சத்தம்கூட இல்லாமல் கிடக்கிற மாதங்களில, எங்களுக்கு சீசன் இல்லை.

மழை மட்டுமெண்டால் குடையோட சமாளிப்பம். 1964 டிசெம்பரில திருகோணமலையைத் தாக்கின சூறாவளி, 1978 நவம்பரில மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி, 2000 டிசெம்பர் சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம், 2020 டிசெம்பரில குச்சவெளிப் பக்கத்தால கரையேறின புரெவி. மாதங்களை மட்டும் வாசிச்சுப் பாருங்க. எல்லாம் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில. கிழக்கில அனர்த்தம் எப்ப வரும் எண்டு கேட்டால் அஞ்சாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அந்த மூண்டு மாதத்தைத்தான் எங்கட சீசனுக்கு நடுவில வைச்சிருக்கினம்.

"கொழும்பிலயும் ஒக்டோபர் நவம்பரில மழைதானே?" எண்டு ஒருத்தர் கேப்பார். கேக்கட்டும், நியாயமான கேள்வி. கொழும்பில அந்த ரெண்டு மாதமும் நல்ல மழை. ஆனா அது பெரும்பாலும் பின்னேரத்து இடிமழை. காலையில விளையாடலாம். அங்கத்தைய பெரிய பாடசாலைகளிட்ட ஆடுகளத்தை மூடப் படங்கு இருக்கு, வடிகால் இருக்கு, புல்தரை ஆடுகளம் இருக்கு, உள்ளகப் பயிற்சி வலை இருக்கு. எல்லாத்துக்கும் மேல, ஜனவரி பிறந்தால் கொழும்பு வெளிச்சிடும். புள்ளிகள் தீர்மானமாகிற, பெரிய மட்சுகளுக்கு அணி தெரிவாகிற மாதங்கள் அங்க வருஷத்திலயே காய்ஞ்ச மாதங்கள். எங்களுக்கு ஜனவரி முடியிற வரைக்கும் சேறு. மழை ரெண்டு பேருக்கும் பெய்யுது, சரி. ஆனால் சீசன் யாருக்காகக் காத்திருக்குது எண்டதுதான் கேள்வி.

இது நடைமுறையில எப்பிடி இருக்கும் எண்டு இந்தப் பக்கத்தில படிச்ச எவரிட்டயும் கேளுங்க. செப்டெம்பரில அணி தெரிவு. பொறுப்பாசிரியர் நாலு கிழமை கஷ்டப்பட்டுப் பயிற்சி குடுப்பார். ஒக்டோபர் நடுவில முதல் மழை. "நாளைக்கு காய்ஞ்சிடும்" எண்டு ரெண்டு கிழமை போகும். நவம்பரில மற்றிங்கைச் சுருட்டி ஸ்டோர் ரூமில வைப்பினம். அதை எலி வெட்டும். டிசெம்பரில பரீட்சை, விடுமுறை. ஜனவரியில திரும்பி வந்தால் கிரிக்கெட் இல்லை, இல்ல விளையாட்டுப் போட்டி. மைதானத்தில கோடு போடச் சுண்ணாம்பு கொட்டினால் அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். நூறு மீற்றர் ஓட்டத்தில அறுபதாவது மீற்றரில ஒரு குட்டை இருக்கும். எந்தப் பாதைக்கு எந்தக் குட்டை எண்டு ஓடுற பிள்ளைக்கு மனப்பாடம். நீளம் பாய்தலில மணல் கிடங்கு நீர்க் கிடங்கா இருக்கும். அதில பாய்ஞ்ச தூரத்தை வைச்சு வலய மட்டத்துக்குத் தெரிவு செய்வினம். பிறகு வலய மட்டத்தில தோத்தால் "எங்கட பிள்ளைகளுக்கு ஸ்டாமினா காணாது" எண்டு பேச்சு.

ஸ்டாமினா காணாமல் இல்லை. நாள் காணாது. 19 வயதுக்குட்பட்ட அணியில ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது ரெண்டு, கூடினால் மூண்டு சீசன். அந்தப் பிள்ளையின்ர கிரிக்கெட் வாழ்க்கை முழுக்க அவ்வளவுதான். ஒவ்வொரு சீசனிலயும் நடு மூண்டு மாதம் தண்ணிக்குள்ள போனால் மிச்சம் என்ன? ஒரே வயசில, ஒரே திறமையில, ரெண்டு பிள்ளைகள். ஒருத்தனுக்குப் பதினைஞ்சு மட்ச். மற்றவனுக்கு நாலு. தெரிவாளர் மேசையில ஓட்டங்களின் பட்டியல் மட்டும்தான் இருக்கும். மழைக்குப் புள்ளி எழுத அதில நிரல் இல்லை.

இதில விளையாட்டு மட்டும் பணயம் வைக்கப்படவில்லை. விளையாட்டில தேசிய மட்டத்தில சாதிச்சவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில விசேட ஏற்பாடு இருக்கு. முப்படை, வங்கி, கூட்டுத்தாபனம் எண்டு விளையாட்டுச் சான்றிதழுக்கு மதிப்புக் குடுக்கிற வேலைகள் இருக்கு. ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, அந்தச் சான்றிதழ் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு முன்னால முழங்கால் ஆழத்துக்குத் தண்ணி நிக்குது. நாங்க அதைப் பாத்து "மழைக்காலம்தானே" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறம்.

இனி எனக்கு உண்மையிலயே கோபம் வாற இடம். திருகோணமலைக்கு வேற பருவம் எண்டது இந்த நாட்டில யாருக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருந்தது. இந்தத் துறைமுகத்துக்காக அவன் ஏன் சண்டை பிடிச்சான்? சோழமண்டலக் கரையில ஒக்டோபருக்குப் பிறகு கப்பல் நங்கூரம் போட்டு நிக்க ஏலாது. புயலுக்கு ஒதுங்கப் பாதுகாப்பான துறைமுகம் அந்தக் கரை நீளத்துக்கும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றில ஒதுங்கி நிக்கத் தோதான ஆழமான குடா திருகோணமலை. அதுக்காகத்தான் 1782 ஜனவரியில ஆங்கிலேயர் ஒல்லாந்தரிட்ட இருந்து பிடிச்சினம், அதே வருஷம் ஓகஸ்டில பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிட்ட இருந்து பிடிச்சினம், 1795இல ஆங்கிலேயர் திரும்பி வந்தினம். மூண்டு சாம்ராச்சியம் எங்கட மாரியைக் கணக்குப் போட்டுக் கடற்படையை நகர்த்தியிருக்கு. ஒரு கல்வித் திணைக்களத்துக்கு ஒரு பந்தை நகர்த்த ஏலாதாம்.

கடலுக்குப் போறவருக்குத் தெரியும். மேற்குக் கரையில கடல் கொந்தளிக்கத் தொடங்கிற ஏப்ரல் வாக்கில நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போடுவினம். மாரிக்கு முன்னம் திரும்பிடுவினம். கமக்காரருக்குத் தெரியும். தம்பலகாமத்து வயல்காரரிட்ட போய் மார்கழியில நெல்லு காயப்போடச் சொல்லிப் பாருங்க. பெரும்போகம் எது, சிறுபோகம் எது எண்டு அரசாங்கமே பிரிச்சு வைச்சுத்தான் தண்ணி திறக்குது, உரம் குடுக்குது.

சுற்றுலாத்துறைக்கு எல்லாரையும்விட நல்லாத் தெரியும். நவம்பரில இருந்து ஏப்ரல் வரை ஹிக்கடுவ, மிரிஸ்ஸ எண்டு தெற்கை விப்பினம். மேயில இருந்து செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பே. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு இந்தத் தீவில ரெண்டு நாட்காட்டி. அவர் நனைஞ்சிடக் கூடாது. எங்கட பிள்ளைக்கு ஒரே ஒரு நாட்காட்டி. அது நனையலாம்.

கிரிக்கெட் சபைக்கும் தெரியும். தம்புள்ளையில 2000ஆம் ஆண்டளவில மைதானம் கட்டேக்க சொன்ன முக்கியமான காரணமே, அது வறண்ட வலயம், தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலயும் ஒருநாள் போட்டி நடத்தலாம் எண்டதுதான். 2010 ஜூனில ஆசியக் கிண்ணத்தின் எல்லா மட்சும் தம்புள்ளையிலதான் நடந்துது. கொழும்பு நனையுற மாதத்தில வறண்ட வலயம் காய்ஞ்சு கிடக்குது எண்ட அறிவு இந்த நாட்டில இருக்கு. தொலைக்காட்சி உரிமைக் காசு கேக்கேக்க அந்த அறிவு வேலை செய்யுது. ஒரு பதினாறு வயசுப் பிள்ளை கேக்கேக்க அது தூங்குது.

அதால இதை அறியாமை எண்டு சொல்லாதீங்க. இது பழக்கம். மையத்தில இருக்கிறவரின் வசதி, நாடு முழுக்க "வழமை" எண்டு பேர் வாங்கி நிக்கிற பழக்கம். அதில இனவாதச் சதி தேடிக்கொண்டு நிக்கவும் நான் வரேல்லை. இதே நாட்காட்டி சேருவிலச் சிங்களப் பிள்ளையையும், கிண்ணியா முஸ்லிம் பிள்ளையையும், மூதூர்த் தமிழ்ப் பிள்ளையையும் ஒரே சேத்துக்குள்ளதான் நிக்க வைக்குது. எங்கட மாவட்டத்தில மூண்டு இனமும் சேந்து கேக்கக்கூடிய கோரிக்கைகள் கொஞ்சம்தான். இது அதில ஒண்டு.

சரி, மாத்துறதுக்கு எதிரா என்ன சொல்லுவினம்? நான் கேட்ட மூண்டு பதிலை வைக்கிறன்.

முதலாவது: "தேசிய மட்டப் போட்டிக்கு ஒரே நாட்காட்டிதான் சரி. இல்லாட்டி குழப்பம்." குழப்பமா? இந்த நாட்டில முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தைக் கணக்கில எடுத்துத் தனித் தவணை அட்டவணை கல்வி அமைச்சே வெளியிடுது. வருஷா வருஷம் வெளியிடுது. நாடு குழம்பேல்லை. சீனன்குடாவில இருந்து பாலத்தைத் தாண்டினால் கிண்ணியா. ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வேற வேற நாளில விடுமுறை எடுத்தும் ஒரே பரீட்சையைத்தான் எழுதுறாங்க. அந்த ஏற்பாடு சரியானது, அவசியமானது. அதே மனசு காலநிலைக்கும் வேணும் எண்டுதான் சொல்லுறன். நாட்காட்டி கல்வெட்டும் இல்லை. ஓகஸ்டில நடந்த உயர்தரப் பரீட்சை, கொரோனாவுக்குப் பிறகு பெப்ரவரிக்குப் போச்சு, ஜனவரிக்கு வந்துது, நவம்பருக்கு வந்துது. நவம்பருக்கு வந்த உடனே என்ன நடந்துது எண்டதும் தெரியும். 2024 நவம்பர் கடைசியில வெள்ளத்தால பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்துது. கிழக்கின் மாரியைக் கணக்கில எடுக்காமல் எதைத் திட்டம் போட்டாலும் மாரி வந்து திருத்தும்.

ரெண்டாவது: "ஜூன், ஜூலை வெயிலில பிள்ளைகள் சுருண்டு விழும்." வெயில் பொய் இல்லை. கச்சான் அடிக்கேக்க மத்தியானம் ரோட்டில நாய்கூட நடக்காது. ஆனால் வெயிலுக்கு மணிக்கூடு இருக்கு. காலை ஆறரையில இருந்து ஒம்பதரை, பின்னேரம் நாலில இருந்து ஆறரை. வெயிலை விட்டு ஒதுங்கி விளையாட ஒரு நாளில அஞ்சரை மணித்தியாலம் கிடைக்குது. நீண்ட மட்சை ரெண்டு காலையாப் பிரிக்கலாம். தண்ணி இடைவேளையைக் கூட்டலாம். வெள்ளத்துக்கு அப்பிடி மணிக்கூடு இல்லை. நாலு மணிக்குப் பிறகு மைதானத்தை விட்டுத் தா எண்டு வெள்ளத்திட்டக் கேக்க ஏலுமா?

இதை உலகத்தில எவரும் செய்யேல்லை எண்டும் சொல்ல ஏலாது. அவுஸ்திரேலியாவின் வடக்கில டார்வின் நகரத்தைப் பாருங்க. எங்களை மாதிரியே ஒரு மாரி, ஒரு கோடை. மற்ற அவுஸ்திரேலியா முழுக்கக் கிரிக்கெட்டை ஒக்டோபரில இருந்து மார்ச் வரை ஆடும். டார்வினுக்கு அது மழைக்காலம். அதால டார்வின்காரர் கிரிக்கெட்டை நடு வருஷத்துக் கோடைக்கு மாத்தி வைச்சிருக்கினம். மழை பெய்து நிலம் இளகிக் கிடக்கிற மாதங்களில அவங்கட உதைபந்தை ஆடுவினம். நாட்டின்ர மற்றப் பக்கத்துக்கு நேர் எதிர். அவுஸ்திரேலியா உடையேல்லை. அதே டார்வினில 2004 ஜூலையில எங்கட இலங்கை அணியே போய் டெஸ்ட் மட்ச் ஆடியிருக்கு. அங்க போய் அந்த ஊரின் பருவத்துக்கு வளைஞ்சு குடுத்தனாங்க. இங்க எங்கட ஊரின் பருவத்துக்கு வளையத் தெரியேல்லை.

மூண்டாவது பதில்தான் எனக்கு ஆகவும் எரிச்சல்: "திறமை இருந்தால் எப்பிடியும் வெளியில வரும்." உடனே பேர்களை அடுக்குவினம். 1958இல டோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்தலில தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கம். 2018இல சிங்கப்பூரில ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தைத் தூக்கின அணியின் தர்ஜினி. 2024இல ஐபிஎல் ஆடின வியாஸ்காந்த். மூண்டு பேரையும் நாங்க தலையில வைச்சுக் கொண்டாடுவம், அதில மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அறுபத்தாறு வருஷத்தைச் சொல்ல மூண்டு பேர் போதுமா இருக்கிறதே ஒரு குற்றப்பத்திரிகை. விதிவிலக்கைக் காட்டி விதியை நியாயப்படுத்திறது வசதியானவரின் தர்க்கம். வெள்ளத்தில ஒருத்தர் நீந்திக் கரைக்கு வந்திட்டார் எண்டதுக்காகப் பாலம் தேவையில்லை எண்டு சொல்ல ஏலுமா?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும், ஏனெண்டால் நாட்காட்டி அவங்களுக்கு ரெண்டு தரம் அடிக்குது. நவம்பரில எங்களுக்கு ஆறு மணிக்கு முன்னமே பொழுது பட்டிடும். ஜூலையோட பாத்தால் முக்கால் மணித்தியாலம் குறைவு. இருட்ட முன்னம் வீட்டுக்கு வந்திட வேணும் எண்ட சட்டம் தம்பிக்கு இல்லை, தங்கச்சிக்கு இருக்கு. அந்தச் சட்டம் பிழை எண்டு தனியா ஒரு கட்டுரை எழுதலாம், எழுதவும் வேணும். ஆனால் அந்தச் சட்டம் மாறுற வரைக்கும், பாடசாலை விட்டுப் பஸ் பிடிச்சு வீடு போற ஒரு வலைப்பந்துக்காரிக்கு அந்த முக்கால் மணித்தியாலம்தான் பயிற்சி. மழையும் இருட்டும் சேந்து வாற மாதங்களில பயிற்சி வைச்சால் முதல்ல விலகிறது அவள்தான். பிறகு "பெட்டையளுக்கு ஆர்வம் இல்லை" எண்டு அறிக்கை எழுதுவினம். மேயில இருந்து செப்டெம்பர் வரை ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் நிக்குது, மழையும் குறைவு. அவளுக்கு எப்ப சீசன் வைக்க வேணும் எண்டு வானமே சொல்லுது.

நாட்காட்டியை மட்டும் மாத்தினால் போதாது. நிலத்தைப் பற்றியும் கதைக்க வேணும். அதைக் கதைக்கச் சீனன்குடாவை விடப் பொருத்தமான இடம் இல்லை.

சீனன்குடாவில நிலம் இல்லை எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. 1942 ஏப்ரல் 9இல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது இங்கத்தைய விமானத்தளத்துக்கும் துறைமுகத்துக்கும். அந்தத் தளம் இண்டைக்கும் விமானப்படையிட்ட. விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி அங்க. மா ஆலைக்கு நிலம் இருக்கு. சீமெந்துத் தொழிற்சாலைக்கு நிலம் இருக்கு. வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் காடு பத்தி நிக்க நிலம் இருக்கு. அதில 61 தாங்கிகளை இந்திய நிறுவனத்தோட சேந்து அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில 50 வருஷக் குத்தகைக்கு ஒப்பந்தம் எழுதினவை. கோல்ஃப் ஆடவும் நிலம் இருக்கு. விமானப்படை நடத்துற கோல்ஃப் மைதானம் சீனன்குடாவிலதான்.

தொழிற்சாலை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எங்கட ஊர்ச் சனம் அங்க வேலை செய்யுது. கோல்ஃப் ஆடுறவரில எனக்குத் தனிப்பட்ட பகையும் இல்லை. நான் கேக்கிறது இதுதான். ஒரு தாங்கிக்கு 50 வருஷத்துக்குத் திட்டம் போடத் தெரிஞ்ச அரசுக்கு, ஒரு பாடசாலை மைதானத்துக்கு ஒரு மாரியைத் தாங்கிற வடிகால் போடத் தெரியாதா? மைதானத்தின் நடுவை ஒரு முழம் உயர்த்தி, நாலு பக்கமும் கான் வெட்டி, தண்ணியை வெளியில விடுறதுக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. நெல்லு விதைக்கிற சனத்துக்குத் தண்ணியை எப்பிடி உள்ள விடுறது, எப்பிடி வடிக்கிறது எண்டு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இல்லாதது அறிவில்லை. அந்த மைதானத்தைத் தன்னுடையதா நினைச்சுக் கையெழுத்துப் போட ஒரு ஆள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் காசு வருது, நன்றி. ஆனால் அது எங்க போகுது? வரவேற்பு வளைவு, நிறுவுநர் சிலை, பெயர்ப்பலகையோட ஒரு பெவிலியன். வடிகாலுக்குப் பெயர்ப்பலகை வைக்க ஏலாது, அதால வடிகாலுக்குக் காசு வராது. நிலத்துக்கு அடியில போற குழாயில உங்கட பேர் தெரியாதுதான். அந்தக் குழாயால ஒரு பிள்ளைக்கு மூண்டு மாதம் கூடக் கிடைக்கும்.

வெறுமனே ஏசிப்போட்டுப் போகக் கூடாது. அதால என்ன வேணும் எண்டு எண்ணிச் சொல்லுறன்.

ஒண்டு, கிழக்கு மாகாணத்துக்குத் தனி விளையாட்டுப் பருவம். கிரிக்கெட்டும் மெய்வல்லுநரும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. உதைபந்து, மழை விட்டு நிலம் இளகிக் கிடக்கிற பெப்ரவரி, மார்ச்சில. டார்வின்காரர் கண்டுபிடிச்ச உண்மை எங்கட பொடியளுக்கும் தெரியும்: ஈர நிலத்தில விழுந்தால் முழங்கால் உடையாது. ரெண்டு, இல்ல விளையாட்டுப் போட்டியை முதலாம் தவணையில இருந்து இரண்டாம் தவணைக்கு நகர்த்த ஒவ்வொரு பாடசாலைக்கும் சுதந்திரம். மூண்டு, மாரி மாதங்களைச் சும்மா விடாமல் உள்ளக விளையாட்டுக்கு. சதுரங்கம், கரம், மேசைப்பந்து, பூப்பந்து. இதுக்கு ஒரு மண்டபமும் ஒழுகாத கூரையும் காணும். நாலு, தேசிய அணித் தெரிவில ஓட்ட எண்ணிக்கையோட, ஆடக் கிடைச்ச மட்சுகளின் எண்ணிக்கையையும் பாக்க வேணும். நாலு மட்சில எடுத்த இருநூறு ஓட்டத்தையும் பதினைஞ்சு மட்சில எடுத்த இருநூறு ஓட்டத்தையும் ஒண்டா எண்ணுறது கணக்கே இல்லை. அஞ்சு, கட்டடம் கட்ட முன்னம் வடிகால்.

இதில எதுவும் நிலாவைக் கேக்கிற கோரிக்கை இல்லை. மாகாணப் போட்டிகளை மாகாணத்துக்குள்ளயே திகதி மாத்தலாம். தேசிய மட்டத்துக்குப் போற அணி ரெண்டு மாதம் முன்னமே தயாரா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். செப்டெம்பரில தொடங்கிற தேசிய சீசனுக்கு, அந்தக் கோடை முழுக்க விளையாடிப் பழகின ஒரு அணி போய் இறங்கினால் என்ன நடக்கும் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. இண்டைக்கு நாங்க போறது குளிரில விறைச்ச கையோட. அண்டைக்குப் போறது சூடேறின கையோட.

கலைப்பீடத்தில படிக்கிற ஒரு ஆளுக்குக் காலநிலையிலயும் கிரிக்கெட்டிலயும் என்ன வேலை எண்டு கேக்கிறவைக்கு: காலத்தை யார் பிரிக்கினம், யாருக்காகப் பிரிக்கினம் எண்டு கேக்கிறதுதான் நாங்க படிக்கிற படிப்பு. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எண்டு காத்து வாற திசைக்கெல்லாம் பேர் வைச்ச மொழி எங்கட மொழி. அந்தப் பேர்களைப் பாடத்தில பாராட்டி எழுதி ஏ எடுத்திட்டு, வெளியில வந்து "இரண்டாம் தவணை ரக்பி சீசன்" எண்டு தலையாட்டினால் படிச்சதுக்கு அர்த்தம் இல்லை.

உங்களில கனபேர் பாடசாலையை விட்டு ரெண்டு மூண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். சிலபேர் பயிற்றுநரா, உடற்கல்வி ஆசிரியரா திரும்பிப் போவீங்க. சிலபேர் வலயக் கல்விப் பணிமனையில மேசை போட்டு இருப்பீங்க. அடுத்த வருஷத்து விளையாட்டுச் சுற்றறிக்கை உங்கட கைக்கு வரேக்க, கையெழுத்துப் போட முன்னம் திகதியைப் பாருங்க. நவம்பர் எண்டு இருந்தால், அதைத் திருப்பி அனுப்புங்க. பக்கத்தில ஒரு வரி எழுதி அனுப்புங்க: இந்தத் திகதியில எங்கட மைதானத்தில தண்ணி நிக்கும், ஜூலையில தாங்கோ.